உப்புப் போட்ட ஐஸ்

விலைபோகாமல் நேரம் தாண்டிய மீனை எங்கள் மீன்கார அக்கா தன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார். அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட ஆள் இல்லாமல் இல்லை. மசாலாவை அப்பிப் பொரித்து விற்கும் கடைக்காரர்கள் இரண்டு பேர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கருவாடாவது போடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "கருவாட்டுக்கும் நல்ல மீனுதான் வேணும் மக்கா. சீத்தையை உப்புல போட்டா உப்பும் சீத்தையாவும்" என்றார். சீத்தை என்றால் கெட்டுப்போனது. ஒரு நாளில் பத்துத் தடவையாவது அவர் வாயில் வரும் வார்த்தை அது. மீனுக்கு, ரேஷன் அரிசிக்கு, பஸ் கண்டக்டருக்கு, எலெக்‌ஷனில் நின்றவருக்கு, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான்.

நான் அப்போது புதுக்கடைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்துக் கட்டில், ஒரு லேடி டாக்டர், மூன்று நர்ஸ்கள், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. பிறந்த ஊர் குலசேகரத்துக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில். கட்டிக்கொடுத்ததால் புதுக்கடைக்கு வந்தவள். வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தார். வீட்டில் மாமியாரும் நானும் மட்டும். மலையோரத்தில் வளர்ந்தவளுக்கு மீன் என்பது குழம்பில் வந்து விழுந்த பிறகுதான் அறிமுகம். அதற்கு முந்தைய அதன் வாழ்க்கை எனக்குத் தெரியாது.

காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் மீன் சுமக்கும் அலுமினியச் சருவம் இறங்கும் சத்தம் கேட்டால் அது அந்த அக்காதான். கடற்கரையில் ஏலம் எடுத்து, பஸ்ஸில் ஏறி, சந்தையில் பாதியை விற்றுவிட்டு எங்களிடம் வருவார். நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். முதல் நாள் நான் சருவத்துக்குள் எட்டிப் பார்த்து, "இது நல்லதா அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கிட்ட எதுக்குக் கேக்கிய? விக்கியவ நல்லதுன்னுதான் சொல்லுவா. செவுளைத் தூக்கிப் பாரு."

நான் விரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டேன். ரத்தம், சீழ், பிரசவம் எல்லாம் பார்த்த கைதான். ஆனாலும் அந்த வழுவழுப்பைத் தொட ஏனோ கூசியது. "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"ஆளுக்கு ஊசி குத்துற கை, மீனுக்க செவுளைத் தொடாதா?" என்று சிரித்துவிட்டு அவரே தூக்கிக் காட்டினார். உள்ளே பளிச்சென்று சிவப்பு. "இப்பிடி இருந்தா வாங்கு. தவிட்டு நிறமாட்டு இருந்தா விட்டுரு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. நாத்தம் வந்தப்பிறகு கண்டுபிடிக்க மூக்கு போதும், மீன்காரி வேண்டாம்."

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர்தான் தூக்கிக் காட்டினார், நான்தான் வாங்கினேன். தினமும் அதே கேள்வி, தினமும் அதே திட்டு. எனக்கு அது பழகிப்போயிற்று.

ஒருநாள் என் மாமியாரிடம் அயிலை கொடுத்துவிட்டுப் போனவர், அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். மாமியார் அதற்குள் மீனை வெட்டிக் கழுவி மஞ்சள் தடவி வைத்திருந்தார். அக்கா நேராக அடுக்களைக்குள் போய்ச் சட்டியில் கையை விட்டு இரண்டு துண்டுகளை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு சட்டியோடு கொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு, வேறு மீனை வைத்துவிட்டுப் போனார். "இவளுக்கென்ன கிறுக்கா?" என்றார் மாமியார். அன்றைக்கு முழுக்க அந்த மஞ்சளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு வேறு ஆளிடம் மீன் வாங்கவில்லை.

அக்காவின் மூக்கு ஊரறிந்த மூக்கு. ஏலத்தில் குவித்துப் போட்ட சாளைக் குவியலுக்கு நாலடி தள்ளி நின்றே நேற்றையதா இன்றையதா என்று சொல்வார். அந்த மூக்கைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதே மூக்கின்மேல் அவருக்குத் தீராத ஒரு கோபமும் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் டாக்டரம்மா ஒருநாள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றியது. அது வராமல் தடுக்க ஒரு தடுப்பூசி அப்போது புதிதாக நம் நாட்டுக்கு வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. மீன் கொடுக்க வந்த அக்கா, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அந்தப் போஸ்டரை எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் வாசித்தார். வாசித்து முடித்ததும், "மக்கா, எனக்க அக்காளுக்கு வந்தது இதுதானா?" என்று கேட்டார்.

அவருடைய மூத்த சகோதரி மூன்று வருடங்களுக்கு முன்னால் செத்துப்போயிருந்தார். மாதவிலக்கு நின்ற பிறகும் விட்டுவிட்டு ரத்தம் பட்டது. சூடு என்றார்கள். பிறகு வெள்ளைபட்டது. நாட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தபோது நம் அக்காவுக்கு ஒரு வாடை தட்டியது. மூத்தவர் நிறையப் பவுடர் போட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தார்.

"பூசை முடியியது வரைக்கும் நான் ஒண்ணும் பறையல்ல. வெளிய வந்து, 'உனக்கு என்னமோ இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்'ன்னேன். அவ எனக்க கன்னத்துல அடிச்சா. மீனு பிடிச்சு நாறுற மூக்கு உனக்குன்னு சொன்னா. ஆறு மாசம் எனக்கிட்ட மிண்டல்ல, ஒரு வார்த்தை பேசல்ல." அக்கா சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்பம் பரவிப்போச்சுன்னாவ. அதையும் அவளுக்கிட்ட ஆரும் சொல்லல்ல. 'ஒண்ணுமில்லே, புண்ணுதான்'ன்னு டாக்டரும் சொன்னாரு, மாப்பிளையும் சொன்னாரு, நானும் சொன்னேன். சாவியது வரைக்கும் எல்லாரும் அவளுக்குப் பொய்யிதான் குடுத்தோம்."

அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. படம் வரைந்து காட்டியே விளக்கினார். இது ஒரு வைரஸால் வருவது. கல்யாணமான பெண்களில் நிறையப் பேருக்கு எப்போதாவது ஒட்டியிருக்கும், பெரும்பாலும் தானே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் வருடக்கணக்காக உள்ளேயே கிடந்து அந்த இடத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். புற்றாக மாறுவதற்கு முன்னால் பல வருடம் நேரம் கொடுக்கும். அந்த நேரத்துக்குள் பார்த்துவிட்டால் சுலபமாகச் சரிசெய்யலாம். ஆனால் அப்போது வலி இருக்காது, ரத்தம் இருக்காது, வெளியே எதுவும் தெரியாது.

"இது ஆணுக்கிட்ட இருந்து வாறதா?" என்று அக்கா நேரடியாகக் கேட்டார்.

"உடம்பு சேர்றதுல வர்றதுதான். ஆனா அதை வச்சு யாரையும் கெட்டவன், கெட்டவள்னு சொல்ல முடியாது. ஒரே புருஷன், ஒரே பெண்சாதின்னு வாழ்ந்தவங்களுக்கும் வரும்."

"அவளுக்க மாமியாக்காரி அவளைப் பறையாத வார்த்தை இல்லே" என்றார் அக்கா.

"அந்தம்மா சொன்னது தப்பு" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. யாராவது ஒருத்தர் அதைச் சொல்ல மாட்டார்களா என்று மூன்று வருடமாகக் காத்திருந்தார் போலிருக்கிறது.

அவருக்கு எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். "இந்த ஊசியைப் போட்டா எனக்க மோளுக்கு வராதா?" என்று கேட்டார்.

"இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமா இருக்கிற வைரஸ் ரகங்களைத் தடுக்கும். முழுக்க வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். பெரியவளானப்புறம் அவளும் டெஸ்ட் பண்ணிக்கத்தான் வேணும். வைரஸ் ஒட்டறதுக்கு முந்தி, இந்த வயசுல போட்டாத்தான் முழுப் பலன்."

"மனசிலாச்சு. மீனுக்கு ஐஸு மாதிரி. பிடிச்ச உடனே போடணும். சீத்தையான பிறகு போட்டு என்ன பிரயோசனம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு அந்த ஊசியைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்த ஐஸ் கதையைத்தான் சொல்வார்.

அந்தக் காலத்தில் அது மூன்று ஊசி. முதல் ஊசி, இரண்டு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. விலை அதிகம்தான். அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டில் கேட்டவர்களிடம் மட்டும், "எனக்க அக்கா செத்ததைப் பாத்தவ நான். நீங்க பாத்தியளா?" என்று ஒரே கேள்வி கேட்டு வாயடைத்துவிட்டாராம். முதல் இரண்டு ஊசிகளும் நாள் தவறாமல் போட்டாயிற்று. நாகர்கோவிலிலிருந்து மருந்து கொண்டுவரும் ஏஜென்ட் குளிர்ப்பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார், நான் குத்துவேன். அந்தப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கும். அம்மாக்காரி சருவத்தைப் பிடித்தபடி ஊசியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டு தடவையும் டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார்: "பிள்ளைக்கு ஊசி சரி. உன் வயசுக்கு டெஸ்ட்தான் முக்கியம். அஞ்சு நிமிஷ வேலை. வலிக்காது."

"எனக்கு ஒண்ணும் இல்லே டாக்டர். இருந்தா எனக்க மூக்குக்குத் தெரியாதா?"

டாக்டர் உள்ளே போன பிறகு நான் விடவில்லை. "அக்கா, நாத்தம் வந்தப்புறம் பாத்து என்ன பிரயோசனம்னு எனக்குச் சொல்லித் தந்தது யாரு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏட்டி, மீனு வேற, மனுசி வேற. பாத்து உள்ளே என்னமும் இருந்தா நீங்க உள்ளதைச் சொல்லவா போறிய? எனக்க அக்காளுக்குச் சொன்ன மாதிரி 'புண்ணுதான்'ன்னு சொல்லுவிய. நோயாளிக்கிட்ட உண்மை பறைஞ்ச ஆஸ்பத்திரி எது? நான் எதுக்கு வந்து படுக்கணும்?" என்று சொல்லிவிட்டுச் சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

மூன்றாவது ஊசிக்கு நாள் வந்தபோது ஏஜென்ட் காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். கொஞ்ச நாள் தள்ளிப் போட்டாலும் குற்றமில்லை என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்பவரா? நேரம் தாண்டிய பொருள் எதையும் அவர் நம்புவதில்லை. "நான் நாகர்கோயிலு போய் வாங்கிட்டு வாறேன். தணுப்பா கொண்டுவாறது எனக்க வேலையில்லியா?" என்றார்.

அவர் மருந்துக் கடையிலிருந்து போன் செய்தபோது நான் ஒரு பிரசவ கேஸில் இருந்தேன். "அக்கா, சூடு மட்டும் பட்டுரக் கூடாது. நல்லாத் தணுப்புல வச்சுக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஒரு மீன்காரியிடம் போய், நல்லாத் தணுப்புல வை என்று சொன்ன என் புத்தியை என்னவென்பது!

சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார். மகளும் பள்ளிக்கூட யூனிஃபாரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா கையில் பெரிய தெர்மகோல் பெட்டி. மூடியைத் திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை. கடையில் மருந்தோடு ஒரு சின்னப் பெட்டியும் குளிரவைத்த நீலப் பை ஒன்றும் கொடுத்தார்களாம். "சப்பாத்தி மாதிரி ஒரு பையி. அதுல எங்க தணுப்பு நிக்கும்?" அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வடசேரிச் சந்தைக்குப் போய், ஐஸை நொறுக்கி, கல்லுப்பு போட்டுக் குலுக்கி, நடுவில் மருந்தை இறக்கியிருக்கிறார். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இரட்டிக்கும். தூரத்துக்குப் போகும் நெய்மீனை அப்படித்தான் அனுப்புவார்கள்.

"தொட்டுப் பாரு மக்கா. கல்லு மாதிரி கொண்டு வந்திருக்கேன்."

தொட்டேன். கல் மாதிரிதான் இருந்தது. குப்பிக்குள் மருந்து வெள்ளையாக உறைந்து நின்றது.

குளிர் வேண்டும், உறையக் கூடாது. இந்த மாதிரி ஊசி மருந்து ஒரு தடவை உறைந்தால் அதன் சக்தி போய்விடும், பிறகு உருகினாலும் திரும்பாது. எந்த நர்ஸுக்கும் தெரிந்த பாடம். எனக்கும் தெரியும். அவருக்குச் சொல்லத்தான் விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா வெளியே போயிருந்தார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அந்தப் பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். குப்பியைக் கைக்குள் வைத்து மூடினேன். ஐந்து நிமிடம் இப்படியே பிடித்திருந்தால் உருகிவிடும். குலுக்கினால் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். குத்திவிட்டால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது, பலன் மட்டும்தான் இருக்காது. யாருக்குத் தெரியப்போகிறது? அக்காவின் பெருமையும் கெடாது, என் தப்பும் வெளியே வராது. இதையெல்லாம் நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கைக்குள் குப்பி சில்லென்று குத்திக்கொண்டிருந்தது.

அக்கா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதமாக ஊசியைப் பார்த்தாரே, அதே பார்வை.

"அக்கா, இது கெட்டுப்போச்சு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. இவ்வளவு ஐஸில் வைத்த பொருள் எப்படிக் கெடும்? உறையக் கூடாது என்று சொன்னேன்.

"ஏட்டி! நீதானே பறைஞ்சே, நல்லாத் தணுப்புல வைக்கணும்னு?"

"நான்தான் சொன்னேன். உறையவிடாதீங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல்ல. தப்பு எனக்கு."

"உருகினா சரியாவாதா?"

"பாக்கச் சரியா இருக்கும். வேலை செய்யாது."

அக்கா என் கையிலிருந்து குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. "சீத்தை" என்றார் மெதுவாக. "இதை எனக்கிட்ட தா. தென்னை மூட்டுல புதைக்கேன்."

ஆஸ்பத்திரிக் கழிவை அப்படி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றேன். அப்படியானால் நான் அதைக் குப்பையில் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவதாகச் சொல்லி அக்கா நின்றார். போட்டேன். பார்த்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் பின்வாசலில் சருவம் இறங்கவில்லை. மாமியார் முனகிக்கொண்டே முட்டைக் குழம்பு வைத்தார்.

வேறு ஏஜென்ட் மூலம் இன்னொரு மருந்து தருவித்தோம், பாதிப் பணம் நான், பாதி அவர். ஒழுங்கான குளிர்ப்பெட்டியில் வந்தது. மகளுக்கு மூன்றாவது ஊசி போட்டு முடித்ததும் அக்கா அவளை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணைக்கு நீ அதை உருக்கிக் குத்தியிருக்கலாம்."

"குத்தியிருக்கலாம்."

"எனக்குத் தெரிஞ்சிருக்காது. உன்னை எவளும் கேட்டிருக்கவும் மாட்டா. நீ செய்யல்ல. சீத்தையைச் சீத்தைன்னு உனக்க வாயால பறைஞ்சே." கொஞ்சம் நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வாறேன். எனக்கும் பாருங்க. ஆனா என்ன இருந்தாலும் நீதான் வந்து சொல்லணும். உள்ளதை உள்ளபடி."

மறுநாள் வந்தார். குளித்து, துவைத்த சேலை கட்டி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு. டாக்டரம்மா வினிகரைத் தொட்டு அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். "மீனுக்க வாடை போக ஊத்துறதையா எனக்கு ஊத்துறிய?" என்று படுத்துக்கொண்டே கேட்டார். சிரித்தோம். பிறகு டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்தார்.

வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அலை சத்தம் கேட்கும் வீடு. முற்றத்தில் தென்னை. அதன் மூட்டில் உட்கார்ந்து நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கோளாறு இருக்கிறது. இன்னும் புற்று ஆகவில்லை. சும்மா விட்டால் ஒருநாள் ஆகலாம். இப்போதே சரிசெய்துவிடலாம்.

"முழுசும் பறைஞ்சியா? மிச்சம் வச்சிருக்கியா?"

"முழுசும் அவ்வளவுதான் அக்கா."

அவர் கையிலிருந்த ஜெபமாலையில் இரண்டு மணிகளை உருட்டினார். "நாத்தம் வரல்லியே மக்கா. எனக்க மூக்குக்கே தெரியல்லியே" என்றார். அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தன் அக்காளுக்கு வந்ததை முகர்ந்து சொல்லியும் காப்பாற்ற முடியாதவர், தனக்குள் இருந்ததை அறியாமலே இருந்திருக்கிறார்.

சிகிச்சைக்கு நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். குளிர் வாயுவை ஒரு கம்பி வழியாகச் செலுத்தி அந்தக் கெட்ட இடத்தை மட்டும் உறையவைத்து அழிப்பார்கள். மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடியும் மூன்று நிமிடம். மயக்க ஊசிகூட வேண்டாம். அக்கா என் கையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஐஸு வைக்கியதா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"மருந்தைச் சீத்தையாக்கின ஐஸு!" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "இதுல உப்புப் போட்டிருக்கா?" என்று கேட்டார். அங்கே நின்ற டாக்டருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஏன் அப்படிச் சிரிக்கிறோம் என்று புரியவேயில்லை. எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

ஒரு மாதம் சருவம் தூக்கக் கூடாது என்று வீட்டில் உட்காரவைத்தோம். அடுத்த வருடம் மறுபடியும் பார்த்ததில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டது. மீன் வாங்க வரும் முப்பது வயது தாண்டிய பெண்களிடமெல்லாம், "நீ பாத்தாச்சா?" என்று கேட்பார். என்ன, ஏது என்று விழிப்பவர்களுக்குச் சந்தை நடுவில் சத்தமாக விளக்கம் வேறு. ஆண்கள் ஒதுங்கிப் போவார்கள். அவர் சொல்லி எங்களிடம் வந்தவர்களுக்குக் கணக்கில்லை. பாதிப் பேர் வந்து, "அந்த மீன்காரி தொல்லை தாங்க முடியல்ல சிஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஒருநாள் பின்வாசலில் எனக்காக ஒரு நெய்மீனை எடுத்து வைத்தார். "நல்லதா அக்கா?" என்றேன், வழக்கம்போல. அவர் செவுளில் கை வைத்தவர், தூக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அக்கா."

பார்க்கவில்லை. நூறு பெண்களுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டவள், நூறு பேரிடம் வலிக்காது, கூசாதே என்று சொன்னவள், எனக்கு முப்பத்தைந்து வயதாகியும் ஒருநாள் அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், பயம்.

என் முகமே அக்காவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. நெய்மீனைத் திரும்பச் சருவத்தில் போட்டு ஓலையால் மூடினார். "சீத்தையை மறைக்கியவளுக்கு நான் மீன் குடுக்கியதில்லே" என்று எழுந்துவிட்டார்.

மூன்று வாரம் எனக்கு மீன் இல்லை. மாமியார் ஆளனுப்பிக் கேட்டும் இல்லை. "நீ அவளுக்கு என்ன தெற்று செய்தே?" என்று மாமியார் என்னையே குடைந்தார். நாலாவது வாரம் நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். சருவம் இறங்கும் நேரம் பார்த்துத்தான் போய்ப் படுத்தேன். எப்படியோ சேதி தெரிந்து, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மீன் வாசனையோடு அவர் வந்து நின்றுகொண்டார்.

"கூசாதே மக்கா. நான் இங்கதான் நிக்கேன்."

என் தொழிலில் நான் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான் அது. எனக்கென்று ஒருத்தர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. டாக்டரம்மா நிமிர்ந்து, "உனக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றார். அதைத் திரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்.

சேலையைச் சரிசெய்துகொண்டு பின்வாசலுக்கு வந்தேன். அக்கா படியில் சருவத்தை இறக்கி, ஓலையை விலக்கி, உள்ளதிலேயே பெரிய நெய்மீனை எடுத்து என் முன்னால் வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

வழக்கமான கேள்வி என் வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, விரலை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

நல்ல சிவப்பு.